இரு நூலும் ஒரு கையும்

ஸ்ரீ:

நூல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. பஞ்சினின்று திரிக்கப்படுவதும் நூல். சான்றோர் இயற்றி வைத்ததும் நூல். இஃது ஒலியால் மட்டும் நேர்ந்த ஒற்றுமையன்று. சொற்களைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் வைத்து நன்னூற் பாயிரம் இவ்வொப்புமையை விரித்துரைக்கின்றது. வடமொழியிலும் ஸூத்ரம் என்பது இழையையும் குறிக்கும். வியாஸருடைய ப்ரஹ்மஸூத்ரம் போன்ற சாஸ்திரத்தையும் குறிக்கும். க்ரந்தம் என்பதற்கும் தொடுத்தல், கட்டுதல் என்பதே அடிப்பொருளாம். கீதையின் 7-ஆம் அத்தியாயத்தில் எம்பெருமான், நூலில் மணிகள் கோக்கப்பட்டிருப்பதுபோல ஸகலமும் தன்னிடத்தில் கோக்கப்பட்டிருப்பதாக அருளிச்செய்தான். அவ்விடத்தில் அவன் தன்னையே நூலுக்கு ஒப்பிட்டுக் கொண்டான் என்பது கவனிக்கத்தக்கது.

இத்தகைய பெருமை வாய்ந்த இரு நூல்களும் இன்று பல இல்லங்களில் ஒரே பிற்பகற் பொழுதுக்காகப் போட்டியிடுகின்றன. பெருமாள் திருவாராதனமும் தளிகையும் முடிந்து, அகத்தார் அனைவரும் உண்டு ஓய்ந்தபின், இல்லத்தரசிக்கு இரண்டு நாழிகைப் பொழுது கிடைக்கின்றது. ஒரு பக்கம் பாதியில் நிற்கும் குரோஷா விரிப்பு. மற்றொரு பக்கம் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கத் தொடங்கிய போர்வை. மாடத்தில் மயிலிறகு வைத்து மூடிய ராமாயணம், அதன்மேல் ஒரு வாரப் பத்திரிகை. எதை எடுத்தாலும் மற்றவை குறை கூறுவனபோல் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இவையெல்லாம் எதற்கு? இந்நேரம் திருநாமத்தை அன்றோ சொல்லியிருக்க வேண்டும்’ என்னும் உறுத்தல். உபந்யாஸம் முடிந்து கூட்டம் கலையும் வேளையில் பெரியோரிடம் மெல்லிய குரலில் பலரும் விண்ணப்பிக்கும் ஐயம் இதுவே.

இதனை அற்பமென்று தள்ளலாகாது. ஊசியைப் பிடிக்கும்போது புத்தகத்தையும், புத்தகத்தைப் பிரித்தபோது ஜபத்தையும், ஜபத்தில் அமர்ந்தபோது முடியாத தையலையும் நினைப்பவளுக்கு மூன்றும் கிட்டுவதில்லை. இதற்குப் பலர் சொல்லும் பரிகாரம் பொழுதைச் சமமாகப் பங்கிடுவது: இதற்கு அரை மணி, அதற்கு அரை மணி என்பது. கடைக்காரர் தராசில் நிறுப்பதுபோன்ற இவ்வழி இரண்டு நாள் நடக்கும்; மூன்றாம் நாள் விருந்தினர் வருவர். வழி தவறியதற்குக் காரணம் சோம்பலன்று. பக்தியையும் நான்கு வேலைகளுள் ஒரு வேலையாக எண்ணித் தட்டில் வைத்ததே பிழை.

நம் ஆகமம் பொழுதைப் பிரித்த முறை வேறு. பாஞ்சராத்ரம் ஒரு நாளை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என ஐந்து காலங்களாக வகுத்தது. விடியலில் பகவானை அணுகிச் சரணடைவது அபிகமனம், ஆராதனத்துக்கு வேண்டிய பொருள்களை ஈட்டுவது உபாதானம், ஆராதனம் இஜ்யை, நூல்களை ஓதுதலும் கேட்டலும் சிந்தித்தலும் ஸ்வாத்யாயம், இரவில் அவனைத் தியானித்து அவனிடத்தே ஒடுங்குவது யோகம். ஸ்ரீ வேதாந்த தேசிகன் (1268–1369) பாஞ்சராத்ர ரக்ஷையில் இம்முறையை விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டியுள்ளார். இதில் பகவானுக்கு என்று ஒரு காலமும், நமக்கு என்று நான்கு காலங்களும் ஒதுக்கப்படவில்லை. கடைவீதிக்குச் சென்று திரும்புவதும் அவன் ஆராதனத்தின் ஓர் உறுப்பாக வைக்கப்பட்டது. படிப்பதற்குப் பிற்பகல் ஒதுக்கப்பட்டிருப்பதும் நோக்குக. உண்டபின் உறக்கம் வரும் பொழுதைச் சாஸ்திரம் அறிந்தே புத்தகத்துக்குக் கொடுத்ததுபோலும்!

எனினும் உபாதானத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆராதனத்துக்கு வேண்டிய அளவே ஈட்ட வேண்டும் என்பது அவ்வெல்லை. ஐந்து விரிப்புகளுக்குப் போதுமான நூற்கண்டுகள் பெட்டியில் கிடக்க, புதிய நிறம் வந்துள்ளது என்று மேலும் இரண்டு கண்டுகள் வாங்குவது உபாதானமாகாது. புத்தகம் சேர்ப்போரும் இதைக் கேட்டுத் தப்ப இயலாது. பிரிக்கப்படாத உரை நூல்கள் அலமாரியில் வரிசையாக நிற்பது கரையானுக்குச் செய்யும் ததீயாராதனமேயன்றி ஸ்வாத்யாயமன்று.

கைவேலை பக்திக்கு இடையூறோ என்னும் ஐயத்துக்கு நேரான விடை திருமலையில் கிடைக்கின்றது. திருவாய்மொழியின் 3-ஆம் பத்துக்குப் பொருள் அருளிச்செய்து கொண்டிருந்த எம்பெருமானார், குளிரும் காடும் நிறைந்த திருவேங்கடத்தில் இருந்து புஷ்ப கைங்கர்யம் செய்ய வல்லார் யாரேனும் உண்டோ என வினவ, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார் என்பது குருபரம்பரை வழங்கும் வரலாறு. அவர் திருமலையில் நந்தவனம் அமைத்து மாலை கட்டி வருகையில், ஒருநாள் திருவேங்கடமுடையானே அவரை அழைத்து வரச் சொன்னான். அவரோ தொடுத்துக் கொண்டிருந்த மாலையை முடித்த பிறகே சென்றார். தாமதம் ஏன் என்று பெருமாள் கேட்க, மலரும் பூவை உரிய வேளையில் தொடுக்க வேண்டாவோ, ஆசார்யன் நியமித்த இப்பணியையன்றி எனக்கு உமது ஸந்நிதியில் வேறு என்ன வேலை என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். பெருமாளே அழைத்தும் கை நிற்கவில்லை. கேட்போர் நடுங்க வேண்டிய மறுமொழி இது. ஆயினும் பூர்வர்கள் இதனைக் கொண்டாடியே சொல்லி வந்தனர்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். அனந்தாழ்வான் கட்டியது எம்பெருமான் திருமார்புக்கான மாலை. பேரனுக்குப் பின்னும் குல்லாயும் மேசைக்கு விரிக்கும் பூவிரிப்பும் அதனோடு ஒக்குமோ? ‘எல்லாம் அவனுக்கே’ என்று வாயாற் சொல்லிவிட்டு நம் விருப்பப்படி நடப்பதற்கு அனந்தாழ்வானைத் துணைக்கு அழைப்பது தகுமோ?

ஆக்ஷேபம் நியாயமானதே. இரண்டும் ஒன்றல்ல. வேறுபாட்டை நூலே காட்டித் தருகின்றது. பூ காத்திராது, உரிய வேளை தவறினால் வாடிப்போம். ஆகவே தொடுப்பவர் எழுந்திருக்க இயலவில்லை. குரோஷா நூலோ காத்திருக்கும். இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளி வேலையில் பல கண்ணிகள் ஒரே காலத்தில் ஊசியின்மேல் நிற்கும். ஊசி நழுவினால் வரிசையே குலையும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் இருக்கும். அதைச் சற்று நீட்டி இழுத்து விட்டு எழுந்து சென்றால், திரும்பி வரும் வரையில் வேலை அப்படியே இருக்கும். பிழை நேர்ந்தாலும் அவ்விடம் வரையில் பிரித்து, அதே நூலைக் கொண்டு மீண்டும் பின்னலாம். வைத்துவிட்டு எழுவதற்கு இவ்வளவு எளிதான வேலையைக் கையில் கொண்டு, மாமியார் தண்ணீர் கேட்கும்போதும், விளக்கேற்றும் வேளையிலும், ‘இந்த வரிசை முடியட்டும்’ என்று சொல்வோமாயின், அங்கே நூல் நம்மைப் பிடித்துக் கொண்டது என்றே பொருள். எழ முடிகிறதா என்பதே உரைகல். அனந்தாழ்வான் எழாமைக்கும் நாம் எழாமைக்கும் நடுவே இருப்பது இதுதான்.

இந்த அளவில் நின்றால், பேரன் குல்லாய்க்கும் இடம் உண்டு. இல்லத்தில் உள்ள குழந்தை எம்பெருமான் நம்மிடம் ஒப்படைத்த பொருள். அதன் தலை குளிராமற் காப்பது அவன் உடைமையைக் காப்பதேயாம். குரோஷா வெள்ளையர் கொணர்ந்த வேலையாயிற்றே என்று முகம் சுளிப்பவரும் உளர். கோதாவரிக் கரையில் நரசாப்பூரைச் சூழ்ந்த ஊர்களில் 19-ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் வழியே பரவிய இவ்வேலை, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. கொக்கிக்கு மதம் இல்லை. பிடிக்கும் கைக்கே உண்டு.

உபந்யாஸம் கேட்கும்போது பின்னலாமா என்பது கிளைக் கேள்வி. பழகிய சங்கிலிப் பின்னல் செவியைத் தடுப்பதில்லை. சில வேளைகளில் அலையும் மனத்தைக் கட்டவும் செய்யும். கண்ணிகளை எண்ண வேண்டிய கோலப் பின்னலோ கதையை விழுங்கிவிடும். எண்ணிக்கையும் ஸ்ரீராமனும் ஒரே நாவில் நிற்பதில்லை. உபந்யாஸகரின் முகம் நோக்கியும் இதை முடிவு செய்யலாம். அவர் மனம் வருந்துமாயின் பையை மூடிவிடுவதே மரியாதை.

கைவேலை பெண்டிர்க்கே உரியது என்று ஆடவர் இதுவரை படித்துத் தள்ளியிருப்பாராயின், அவர்கள் முதலியாண்டானை நினைப்பது நன்று. பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய், விடியலில் நீராடத் துணைக்கு வருமாறு அழைத்தபோது, ‘உன் சீதன வெள்ளாட்டியை அழைத்துக்கொள்’ என்று மாமியார் கடிந்தாள். அச்செய்தி எம்பெருமானார் திருச்செவியில் விழவே, அவர் தம் மருகரும் மஹா வித்வானுமாகிய ஆண்டானையே சீதன வெள்ளாட்டியாக அனுப்பினார். ஆண்டான் அங்கே நீர் சுமந்தார். அடுப்பங்கரை வேலை செய்தார். ஸ்ரீபாஷ்யகாரரின் சீடருக்குக் குடம் சுமந்த அந்நாள்களில் ஸ்வாத்யாயம் குறைந்ததாக எவரும் எழுதி வைக்கவில்லை.

படிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கை ஓயாதவர்க்குப் படிப்பு எட்டாது என்பதற்கு மறுப்பு வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயருடைய வரலாறு. பெரியவாச்சான் பிள்ளை திருமாளிகையில் தளிகை செய்து கொண்டிருந்த அவர், எழுத்தறியாதவர். வித்வான்கள் சிலர் சாஸ்திரம் பேசிக்கொண்டிருக்க, எந்த க்ரந்தம் வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். ‘முஸலகிஸலயம்’ என்று அவர்கள் ஏளனம் செய்தனர். உலக்கைக் கொழுந்து என்பது பொருள். அப்படி ஒரு நூல் இல்லை என்று பிள்ளையிடம் அறிந்தவர், வெட்கித் தம்மைப் படிப்பிக்க வேண்டி நின்றார். 32 வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர், பின்னாளில் திருவாய்மொழிக்குப் பன்னீராயிரப்படி உரை வரைந்தார். உலக்கைக் கொழுந்து என்னும் பெயரிலேயே ஒரு காவியமும் செய்தார் என்பர். ஒரு நாளைக்கு இத்தனை ஸர்க்கம் என்று கணக்கு முடித்து, எதை வாசித்தோம் என்று மாலையில் நினைவில்லாமற்போகும் பாராயணத்தைவிட, அடுப்பு எரியும் இடைவேளையில் அவர் கற்ற ஓரெழுத்து கனமானது.

இனிப் போர்வை. கந்தளையும் ஒட்டுத் துணியையும் சேர்த்துத் தைத்த போர்வைக்கு வடமொழியில் கந்தா என்று பெயர். பஜகோவிந்தத்தில் இச்சொல் வந்துள்ளது. வங்காளத்தார் இன்றும் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையலிட்டு அமைக்கும் போர்வையைக் காந்தா என்றே வழங்குகின்றனர். கன்னட நாட்டில் அதற்குக் கௌதி என்று பெயர். பெருமாளுக்கும் குளிரும் என்று நினைப்பது நம் ஸம்ப்ரதாயத்தின் அழகு. கைசிக ஏகாதசியன்று திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 வஸ்திரங்கள் சாற்றப்படுகின்றன. ஆனால் அவனுக்குச் சாற்றும் வஸ்திரம் ‘அஹதம்’ ஆக இருத்தல் வேண்டும். பிறர் உடுத்தாத புதுத்துணி என்பது அதன் பொருள். உடுத்து நைந்த புடவைகளால் ஆகிய போர்வை எவ்வளவு அன்புடன் தைக்கப்பட்டிருந்தாலும் திருமேனியில் ஏறலாகாது.

இவ்விதியை அறியாத மூதாட்டி ஒருத்தி, ஒரு சிறிய திருக்கோயிலுக்கு மார்கழி விடியலில் அத்தகைய போர்வை ஒன்றைத் தட்டில் வைத்துக் கொணர்ந்தாள். அவளுடைய தாயார் உடுத்திய புடவையும், அவளுடைய கூறைப் புடவையும் அதில் அடங்கியிருந்தன. ஆறு மாத காலம் பிற்பகல்தோறும் தைத்தது. நாள்தோறும் வாசிக்கும் புத்தகத்தையும் அதற்காக மூடி வைத்திருந்தாள். அர்ச்சகர் தட்டை வாங்கிப் பார்த்து, ஆகம விதியை மெல்ல எடுத்துரைத்தார். அவள் சினக்கவில்லை. “அப்படியானால் இந்த ஆறு மாதமும் வீண்தானா, ஸ்வாமி?” என்று மட்டும் கேட்டாள்.

அர்ச்சகருக்கு உடனே விடை வரவில்லை. பாஞ்சராத்ர வசனங்கள் பல அவருக்குக் கண்டபாடம். அவற்றுள் எதுவும் அப்போது கைகொடுக்கவில்லை. அவ்வேளை, குளத்தில் மூழ்கி ஈர வஸ்திரத்துடன் திருமஞ்சனத் தீர்த்தக் குடத்தைச் சுமந்து வந்து சேர்த்துவிட்டு, அன்றைய கைங்கர்யம் முடிந்த வயது முதிர்ந்த பரிசாரகர், புறத் திண்ணையில் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். பற்கள் அடித்துக் கொள்ளும் ஓசை கேட்டது. அர்ச்சகர் அவரைச் சுட்டவில்லை; அவள்தான் திரும்பிப் பார்த்தாள்.

“பெருமாளுக்கு நீராட்டும் தீர்த்தம் இவர் தோளில்தான் வருகிறது, அம்மா” என்றார் அர்ச்சகர்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குச் சென்றாள். திருப்பாவை சாற்றுமுறைக்கு மணி அடித்தபோது அவள் கை வெறுமையாக இருந்தது. ஊருக்குள் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினர். பெருமாளுக்கென்று கொணர்ந்ததை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டவரும் உண்டு. அடுத்த மார்கழியில் அவள் மடியில் மற்றொரு போர்வை பாதி தைத்த நிலையில் இருந்தது. அருகில் ராமாயணம் திறந்திருந்தது. யாருக்கு இது என்று கேட்டவர்களிடம், இன்னும் தெரியவில்லை என்றாள்.