எரியாத வீட்டின் சங்கீதம்

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், பழைய கடைவீதியில், தூய ஆவி ஆலயத்துக்கு நேர் எதிரே நிற்கிறது ரிட்டர் ஓட்டல். முகப்பு செம்மணற்கல், உச்சியில் வீரன் ஒருவனின் மார்பளவுச் சிலை. முதன்முதல் அண்ணாந்து பார்த்தபோது என்னை நிறுத்தியது வீரன் அல்ல, லத்தீனில் பொறித்திருந்த 127-ஆம் சங்கீதத்தின் தொடக்கம். கர்த்தர் கட்டாத வீட்டுக்காக மனிதன் படும் பாடெல்லாம் வீண் என்பது அதன் பொருள். திருநெல்வேலியில் எங்கள் வீட்டுப் பிரதிஷ்டையன்று போதகர் ஐயா வாசித்ததும் இதே சங்கீதம்தான்.

1693-இல் பிரெஞ்சுப் படை ஊரைக் கொளுத்தியது. தப்பிய மிகச் சில வீடுகளில் இது ஒன்று. நகரமன்றமும் எரிந்துபோனதால் சில ஆண்டுகள் நகர நிர்வாகமே இங்கேதான் நடந்தது; விடுதியானது அதன்பிறகு. சங்கீதத்தைச் சுவரில் வைத்திருக்கும் வீடு, ஊரே எரிந்தும் நின்றது என்றால் மனம் உடனே ஒரு கணக்குப் போடுகிறது: கர்த்தர் கட்டினார், ஆகவே நின்றது.

அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. இருபது தப்படி தள்ளி, மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த ஆலயத்துக்கும் அன்று தீ வைத்தார்கள். அதைக் கட்டியது யார்? மரவீடுகள் எரிந்தன, கல் நின்றது என்றும் சொல்லித் தப்ப முடியாது, ஆலயமும் கல்தான்.

எனக்கு இதில் சொந்த வலி உண்டு. பிரதிஷ்டை செய்த ஆறாம் வருடம் எங்கள் வீடு கடனில் கைமாறியது. "கர்த்தர் கட்டலை போல" என்று உறவினர் ஒருவர் அப்பாவின் காதுபடவே சொன்னார். வேட்டி நுனியைத் திருகியபடி அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிட்டர் வீட்டைக் கட்டியவர் ஷார்ல் பெலியே. டூர்னேயிலிருந்து வந்த துணி வணிகர், திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வினின் வழியில் நின்றவர். தன் விசுவாசத்துக்கு இடமில்லாத சொந்த ஊரை விட்டு வந்து பிழைத்த மனிதர். வீட்டைக் கட்டியது 1592-இல், நெருப்புக்கு நூற்றியொரு வருடம் முன்பு. நின்றுவிட்டதற்கு நன்றியாக அவர் அந்தச் சங்கீத வரியைச் சுவரில் எழுதவில்லை. நிற்குமா என்று தெரியாமல் எழுதினார். ஊர் என்பது கைவிட்டுப் போகக்கூடியது என்று அறிந்தவர், புதுச்சுவரின் ஈரம் காயும் முன்பே வீட்டைத் தன்னுடையதல்ல என்று ஒப்புக்கொடுத்திருக்கிறார். பின்னால் வந்த நாம் அந்த வரியைக் காப்புறுதிச் சீட்டாக வாசிக்கிறோம்.

வாடகை வீட்டுக்குக் குடிபோன அன்று, சாமான்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்த கூடத்தில் உட்கார்ந்து அப்பா குடும்ப ஜெபத்துக்கு வேதத்தைத் திறந்தார். வாசித்தது அதே சங்கீதம். முதல் வசனத்தை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.