உபயம்

கோயில் ட்யூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் பாதியை, ‘உபயம்’ என்று ஆரம்பிக்கிற பெயிண்ட் எழுத்து அடைத்துக்கொண்டிருக்கும். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால், அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டால் அடுத்த வருஷம் ட்யூப்லைட் வராது. இது தர்மகர்த்தாவுக்குத் தெரியும்.

கொடுக்கிறவர் யார் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டுமா? இதுதான் கேள்வி. இதற்கு ஒரு டென்னிஸ் கதை சொல்கிறேன், கேளுங்கள்.

கொல்கத்தாவில் நேதாஜி உள்ளரங்கம் இருக்கிறது. மேலே கூரை. உள்ளே வெயிலும் கிடையாது, காற்றும் கிடையாது. அங்கே 2005-ல் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி ஒன்று ஆரம்பமானது. பெயர் சன்ஃபீஸ்ட் ஓபன். முதல் வருஷம் ரஷ்யாவின் மிஸ்கினா ஜெயித்தார். 2006-ல் மார்ட்டினா ஹிங்கிஸ். அதே வருஷம் இரட்டையர் பட்டம் லீசல் ஹூபருக்கும் நம்ம சானியா மிர்சாவுக்கும். 2007-ல் கிரிலென்கோ. அவ்வளவுதான், மூணே வருஷத்தில் கதை முடிந்துவிட்டது.

சன்ஃபீஸ்ட் என்பது பிஸ்கட். நல்ல பிஸ்கட்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. தயாரிப்பது ஐ.டி.சி. அந்த ‘டி’ ஒரு காலத்தில் டொபாக்கோ! 1997-ல் நுங்கம்பாக்கத்துக்கு வந்த ஆண்கள் போட்டிக்கு அப்போது என்ன பெயர் தெரியுமா? கோல்டு ஃப்ளேக் ஓபன். அதே கம்பெனியின் சிகரெட். மூச்சு வாங்க ஐந்து செட் ஓடுகிறவர்களின் விளையாட்டுக்குச் சிகரெட் பெயர்! 1998-ல் பாட் ராஃப்டர் அந்தக் கோப்பையைத் தூக்கியபோது நம்மில் எத்தனை பேருக்கு அது உறுத்தியது? 2003-ல் சட்டம் வந்து புகையிலை விளம்பரத்துக்கும் ஸ்பான்சர்ஷிப்புக்கும் கதவைச் சாத்தியது. அதன் பிறகுதான் கொல்கத்தாவில் பிஸ்கட் பெயர்.

‘எல்லாம் ஒரே கல்லாப்பெட்டிக் காசுதானே சார்?’ என்பீர்கள். அவசரப்படாதீர்கள். இதைவிடச் சிக்கலான கதை அமெரிக்காவில் இருக்கிறது.

1970. லாஸ் ஏஞ்சலஸ் போட்டி ஒன்றில் ஜெயிக்கிற ஆணுக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 டாலர் என்று அறிவித்தார்கள். பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது பெண்கள், ‘போங்கய்யா’ என்று வெளியே வந்தார்கள். பத்திரிகை நடத்திவந்த கிளாடிஸ் ஹெல்ட்மன் என்ற அம்மாளிடம் ஆளுக்கு ஒரு டாலருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஹூஸ்டனில் தனிப் போட்டி ஆடினார்கள். பணம் எங்கிருந்து? பெண்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட வர்ஜீனியா ஸ்லிம்ஸ் சிகரெட்டிலிருந்து. பெண்கள் டென்னிஸ் தன் காலில் நின்றது அந்தப் புகைக்காசில்தான். வருஷக் கடைசியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூரைக்குக் கீழே நடந்த பெரிய போட்டிக்கும் 1994 வரை அதே சிகரெட் பெயர்தான். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் பெண்கள் சுற்றுக்கு கிராஃப்ட் என்ற சீஸ் கம்பெனியின் பெயர் வந்தது. அதுவும் அந்தச் சிகரெட் முதலாளிக்குச் சொந்தமானதே. நம்ம பிஸ்கட் கதைக்கு அது அக்கா!

அந்த ஒன்பது பேர் செய்தது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு எவனும் கதவைத் திறக்காதபோது, திறந்த கதவுக்குள் போனார்கள். நீங்களும் நானும் போயிருப்போம். ஆனால், பணம் வேறு, பெயர் வேறு. உண்டியலில் போடும் காசுக்குப் பெயர் கிடையாது. யார் போட்டார் என்று சாமியும் கேட்பதில்லை. ஸ்பான்சர் உண்டியலில் போடுகிறவரில்லை. அவர் ஒன்றை விலைக்கு வாங்குகிறார். வலுவான நுரையீரலோடு ஓடுகிற ஒரு பெண்ணின் தோற்றத்தை வாங்கிச் சிகரெட் அட்டைமேல் ஒட்டுகிறார். ‘யாரிடம் வாங்கினோம்’ என்று கேட்பதைவிட, ‘பதிலுக்கு எதைக் கொடுத்தோம்’ என்று கேட்டால் கணக்குச் சரியாக வரும். அந்தக் கணக்குப்படி பிஸ்கட் பெயரை என்னால் ஏற்க முடிகிறது. சிகரெட் பெயரை முடியவில்லை. லாபம் ஒரே பெட்டிக்குப் போனாலும்.

அமெரிக்கப் பெண்கள் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். 1970-ல் வேறு வழி இல்லை. எண்பதுகளில் உலகமே அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தது. வேறு ஆள் கிடைத்திருக்க மாட்டாரா? நன்றிக்கடன் என்றார்கள். நன்றிக்கடனுக்கு ஒரு வட்டிக்கணக்கு வேண்டாமா?

இதெல்லாம் பெரிய ஊர் விவகாரம் என்று நினைக்காதீர்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே வன்னியம்பட்டியில் பொங்கலுக்கு ஒரு கபடிப் போட்டி நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசுக்குப் பலசரக்குக் கடை அண்ணாச்சி பாதிதான் தருவேன் என்கிறார். டாஸ்மாக் பார் ஏலம் எடுத்தவர் முழுசாகத் தருகிறேன், பையன்கள் பனியனில் என் பெயர் போடுங்கள் என்கிறார். கமிட்டியில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? நான் இருந்தால், ‘பணத்தைக் கொடுங்க மாமா, பனியன் வேண்டாம்’ என்று கேட்டுப் பார்ப்பேன். தர மாட்டார் என்று தெரியும். அப்போது பரிசைப் பாதியாக்கிவிடுவேன். பையன்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டுவதில் நியாயமும் இருக்கிறது; முட்டி தேய்கிறது அவர்களுக்குத்தானே, எனக்கில்லையே!

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்தது. உடனே இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம் லெவன் பெயர் இறங்கியது. அதுவரை அந்தச் சட்டையைக் கடையில் வாங்கி நம் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டவர்கள் யார்?