ஒரு கொத்து கறிவேப்பிலை

நெய்வேலியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. செடி இல்லை, மரம். தெருவில் பாதி வீட்டுக் குழம்பு அதில்தான் மணத்தது. 2016இல் அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூருக்குப் போக வேண்டும். அதே மாதம் எனக்குக் கலிபோர்னியாவில் ஆன்சைட் வேலை. கிளம்புகிற அன்று அம்மா பெரிய கொத்தாக ஒடித்து, நியூஸ்பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். "இனிமே இந்த மரம் நமக்குக் கிடையாதுடா" என்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சுங்கப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பழம், செடி, விதை, உணவு, பூச்சி ஏதாவது கொண்டுவருகிறீர்களா? பூச்சியை யாராவது கொண்டுவருவார்களா என்று சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று குறித்தேன். யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. மூன்று வாரம் சாம்பார் மணத்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கறிவேப்பிலையும் ஆரஞ்சும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டின் கொழுந்திலும் சாறு உறிஞ்சி வாழ்கிற சைலிட் என்ற பூச்சி ஒன்று இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர்கூட இருக்குமோ என்னவோ. அது பரப்புகிற பாக்டீரியாவால் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குப் பசுமையாதல் நோய் வரும். பழம் கோணலாகி, கசந்து, பழுக்காமலே உதிரும். நோயைக் குணப்படுத்த வழி இல்லை. ஃபுளோரிடாவில் 1998இல் பூச்சி வந்தது, 2005இல் நோய் தெரிந்தது. 2003-04 பருவத்தில் அங்கே 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. இருபது வருடம் கழித்து இரண்டு கோடிப் பெட்டிகூட இல்லை. புயல்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் புயல் அடித்த தோப்பை மறுபடி நட்டு எடுக்கலாம், இந்த நோய் இருக்கும்வரை அதற்கும் வழியில்லை.

2009இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஊரில் ஒரு மோப்ப நாய் ஒரு பையின் முன்னால் நின்றது. இந்தியாவிலிருந்து வந்த பை. உள்ளே கறிவேப்பிலை, அதில் உயிரோடு சைலிட். சோதித்தால் அதே பாக்டீரியா. இதைப் படித்தபோது அந்தப் பையைக் கட்டிக் கொடுத்த அம்மா யாரோ என்றுதான் முதலில் தோன்றியது. ஃப்ரெஸ்னோவைச் சுற்றி ஆரஞ்சுத் தோப்பு வைத்திருப்பவர்கள் பிறகுதான் நினைவுக்கு வந்தார்கள். இந்த வரிசையே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

டெரக் பார்ஃபிட் 1984இல் எழுதிய புத்தகத்தில் ஆயிரம் சித்திரவதையாளர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் அழுத்துகிற பொத்தான் கைதியின் வலியை அவனே உணர முடியாத அளவுக்குத்தான் கூட்டும். ஆயிரமும் சேர்ந்தால் தாங்க முடியாத வலி. யாரும் தனியாக எதுவும் செய்யவில்லை, எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். என் விஷயம் அந்த ரகம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. ஒரு பேச்சுக்கு, கறிவேப்பிலை எடுத்துப்போகிற ஆயிரம் பேரில் 999 பேர் உண்மையிலேயே எந்தத் தீங்கும் செய்யாதவர்கள். மிச்சம் இருக்கிற ஒருவரின் கையில் முழுத் தீங்கும் இருக்கிறது. அது அவருக்கே தெரியாது, பிறகும் தெரியப்போவதில்லை. அவரும் ஊருக்குப் போன் போட்டு "ஒண்ணும் ஆகலம்மா" என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த ஒருவருக்காக 999 பேரின் கொத்தையும் பிடுங்கலாமா? பிடுங்கலாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் அந்த 999இல் ஒருவன் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, அது என் அம்மா வைத்த மரம் என்பதைத் தவிர. ஆபீஸில் "ஒரே ஒரு வரிதான் மாத்தினேன், டெஸ்ட் எதுக்கு?" என்று வருகிற பையனிடம் நான் காட்டாத கருணையை எனக்கு மட்டும் ஏன் கேட்கிறேன்?

இன்னொரு நெருடலும் இருக்கிறது. 'வெளியிலிருந்து வருவது தீட்டு' என்கிற பேச்சு நமக்குப் புதிதல்ல. அதை எங்கெல்லாம், யார்மீதெல்லாம் சொன்னோம் என்றும் தெரியும். நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு அது இன்னும் உறுத்தும். டவுன்ஷிப்பில் நாங்கள் எல்லோருமே வந்தவர்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வெளியே போனவர்கள்தான் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள்.

ஆனால் குவாரன்டைன் அந்தப் பேச்சு இல்லை என்று எனக்குப் புரியவைத்தது பப்பாளி. மெக்சிகோவில் பிறந்த மாவுப்பூச்சி ஒன்று 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. யார் பெட்டியில், எந்தக் கன்றில் வந்ததோ. இந்தியாவில் 1914லிருந்தே பூச்சிகளைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. வந்தது வந்துவிட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்து நின்றன. மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சின்னதான ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். குவாரன்டைனில் வைத்துச் சோதித்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாகப் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவியும் வெளியூர்தான். அதே வாசல் வழியாகத்தான் வந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு.

போன வருடம் ஒரு ராத்திரி சைலிட் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அதன் குஞ்சுகளின் போட்டோ வந்தது. சுருண்ட கொழுந்து, அதில் மஞ்சளாகச் சின்னப் புள்ளிகள், வால்பக்கம் வெள்ளை மெழுகு நூல். எனக்கு அதைத் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் அந்தக் கொழுந்துகளைக் கிள்ளிப் போடுவது என் வேலை. அம்மா புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பாள். 2016இல் ஒடித்த கொத்தில் அது இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். அவசரம். பார்க்கவில்லை.

இந்த முறை வடலூரில் பெட்டி கட்டும்போது அம்மா தொட்டிச் செடியிலிருந்து ஒடித்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம செடியில பூச்சியே கிடையாதுடா. தினம் பாக்கறேன்ல?"

"இருக்காதும்மா. ஆனாலும் வேணாம்."

கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அடுக்களைக்குப் போய் அன்றைய ரசத்தில் மொத்தத்தையும் போட்டுவிட்டாள்.