நோயுற்றாரை விலக்குதல் சைவநெறியாகுமா?

உடம்பெடுத்த உயிர்கள் யாவும் நோய்க்கு இலக்காவன. செல்வர் வறியர், கற்றார் கல்லார் என்னும் வேறுபாட்டை நோய் நோக்குவதில்லை. எனினும், உலகியலிற் சில நோய்கள் நோயென்று கொள்ளப்படாது பழியென்று கொள்ளப்படுகின்றன. காய்ச்சலுற்றானைக் கண்டு இரங்குவோர் காசநோயுற்றானைக் கண்டு ஒதுங்குகின்றனர். தொழுநோயுற்றாரையும் எச்.ஐ.வி. என்னும் கிருமி பற்றியாரையும் இல்லத்தினின்றும் விலக்குவாரும் உளர். அங்ஙனம் விலக்குவோருட் சிலர், 'அஃது அவரவர் வினைப்பயன். நாம் என் செய்வது?' என்று நம் சமயத்தையே தமக்குச் சான்றாக்குகின்றனர். இக்கூற்றுச் சித்தாந்தத்தோடு இயையுமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இன்ப துன்பங்கள் வினைவழி வருவன என்பது நம் நூற்றுணிபு. ஆயின் வினை சடமாதலின், தானே சென்று தன்னைச் செய்தானைப் பற்றமாட்டாது. உயிரோ சிற்றறிவுடையது, தன் பழவினையையும் அறியமாட்டாது. எவ்வுயிர்க்கு எவ்வினை எப்பொழுது பயன்றரற்பாலது என்றறிந்து கூட்டுவிப்பவன் முதல்வன் ஒருவனே. அங்ஙனமாகவும், பிறனொருவன் வினையைக் கண்டறிந்தான்போல உரைப்பவன், இறைவற்கேயுரிய முற்றறிவைத் தன்மேல் ஏற்றிக்கொள்கின்றான். இஃது ஆணவத்தின் காரியமேயாம். மேலும், நோயுற்றான் நுகர்வது பிராரத்தம். அவனை இகழ்வான் ஈட்டுவது ஆகாமியம். முன்னவற்கு வினை கழிகின்றது, பின்னவற்கு ஏறுகின்றது. வினைக்கொள்கை தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தற்கு அமைந்தது. பிறர் துன்பத்தைக் கைகட்டிப் பார்த்திருத்தற்கு அமைந்ததன்று.

பெரியோர் ஒழுக்கமும் இதற்குச் சான்று. புறச்சமயம் புகுந்த தம்பியார் சூலையால் வருந்தி வந்தபொழுது, 'நீ செய்ததன் பயனை நீயே நுகர்க' என்று திலகவதியார் கூறினாரல்லர். திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார். கொல்லிமழவன் மகளார் முயலகன் என்னும் நோயாற் கிடந்தபொழுது, திருஞானசம்பந்தர் அவர் பழவினையை ஆராய்ந்திலர், அருள்கொண்டு பாடினார். சூலையின் கொடுமையைத் தாமே அறிந்த திருநாவுக்கரசரோ, தொழுநோயால் உறுப்புக் குறைந்தாராயினும் சிவனுக்கு அன்பராயின் அவர் தமக்கு வணங்கத்தகும் கடவுளாவர் என்று தம் திருத்தாண்டகத்துள் அறுதியிட்டனர். அவ்வுரையை ஓதிக்கொண்டே நோயுற்றாரை விலக்குதல் யாங்ஙனம் பொருந்தும்?

அற்றன்று, நோய் தொற்றுமாயின் தம்மைக் காத்துக்கொள்ளுதல் வேண்டாவோ எனின், வேண்டும். காத்தல் வேறு, இகழ்தல் வேறு. காத்தற்கு ஓர் அளவுண்டு. அவ்வளவை அறிவிப்பது கல்வி. இதனைத் தாம்பரத்து வரலாறு கொண்டு தெளியலாம்.

சென்னைக் கடற்கரையினின்று தெற்கே செல்லும் மின்சார இரயிலில், தாம்பரத்துக்கு முன்னுள்ள நிலையம் தாம்பரம் சானடோரியம் எனப்படும். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பார் காசநோயாளர்க்கென அங்கு நிறுவிய மருத்துவமனையால் அப்பெயர் வந்தது. 1937-இல் அரசாங்கம் அதனை ஏற்றது. காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882-இல் கண்டுணர்த்தினாராயினும், அதனைக் கொல்லும் மருந்து அந்நாளில் இல்லை. தூய காற்றும் நல்லுணவும் ஓய்வுமே மருந்தாயின. ஆதலின், நோயாளரைப் பிரித்து வைத்தற்கு அன்று காரணம் இருந்தது.

மருந்துகள் தோன்றியபின், 1956-இல் சென்னையிற் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கு நோயாளருட் சிலர்க்குச் சானடோரியத்திலும், சிலர்க்கு அவரவர் இல்லத்திலும் மருந்து கொடுத்துப் பார்த்தனர். இல்லத்திலிருந்தோரும் ஏறத்தாழ ஒப்பவே குணமுற்றனர். அவரோடு உறைந்த சுற்றத்தார்க்கு அதனால் நோய் மிகுந்திலது. 1959-இல் வெளிவந்த இம்முடிபை உலகமெல்லாம் ஏற்றது. பிரித்து வைத்தற்குரிய காரணம் இங்ஙனம் நீங்கியும், இகழ்ச்சி மட்டும் நீங்கிற்றில்லை. காரணம் ஒழிந்தபின்னும் நிற்கும் அச்சத்தை அறியாமை என்னாது வேறென்னென்பது?

அவ்வகழ்ச்சியையே பின்னர் எச்.ஐ.வி. பற்றியாரும் எய்தினர். இந்தியாவில் அக்கிருமி முதன்முதற் கண்டறியப்பட்டது 1986-இற் சென்னையிலேயாம். அந்நோயாளரைப் பலரும் ஏலாதிருந்த காலத்தில், தாம்பரம் மருத்துவமனை 1993 முதல் அவரை ஏற்றது. 2004 ஏப்ரல் 1-இல் அரசாங்கம் விலையின்றி மருந்து வழங்கத் தொடங்கியபொழுது, முதற்கண் தெரிந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. 2017-இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், இக்கிருமி காரணமாக ஒருவர்க்கு வேலையோ கல்வியோ குடியிருக்கும் வீடோ மருத்துவமோ மறுத்தலை விலக்கியது.

சட்டம் கதவைத் திறப்பிக்கும்; உள்ளத்தைத் திறப்பது கல்வியே. காசநோய் இருமுவோர் விடும் காற்றால் பரவுவது; உண்கலத்தாலும் உடையாலும் பரவுவதன்று. உலக மக்களுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் உடம்பில் அக்கிருமி உறங்கிக் கிடப்பதென்ப. அவருள் நோயுறுவோர் சிலரே. பிறரை விலக்குவான் உடம்பினும் அஃது இருத்தல் கூடும். எச்.ஐ.வி. குருதியாலும் உடலுறவாலும் தாய்வழிக் குழவிக்கும் செல்வது. தொடுதலாலும் உடனுண்டலாலும் செல்வதன்று. மருந்தை வழுவாதுண்டு, கிருமி சோதனையிற் புலனாகாவாறு குறையப்பெற்றார்வழி, உடலுறவாலும் அது பிறர்க்குச் செல்லாது.

இவற்றை அறியாமையால் விளையும் கேடு பெரிது. பழிக்கு அஞ்சினவன் இருமலை மறைக்கின்றான். மருத்துவமனைக்குக் காலந்தாழ்த்துச் செல்கின்றான். ஆறு திங்கள் உண்ணற்பாலதாய மருந்தை, அயலார் காண்பரென்று இடையில் நிறுத்துகின்றான். கிருமியோ மருந்துக்கு அடங்காததாகி, அவனையும் அவனைச் சார்ந்தோரையும் நலிகின்றது. ஆகவே, தொற்றுக்கு அஞ்சி இகழ்வோர் அவ்விகழ்ச்சியாலேயே தொற்றை வளர்ப்போராகின்றனர்.

ஆதலின், சைவ நன்மக்கள் செய்யத்தக்கன சில உள. சமயச் சொற்பொழிவாளர் நாயன்மார் நோயுற்ற வரலாறுகளை விரிக்குமிடத்து, இந்நோய்கள் பரவும் வழியையும் தீரும் வழியையும் சேர்த்துரைத்தல் வேண்டும். இல்லத்தில் ஒருவர் நோயுறின், அவர் மருந்துண்ணும் நாள் தவறாதபடி துணைநிற்றல் வேண்டும். மருந்துண்டு குணமுற்று மீண்டாரைத் திருக்கோயிலிலும் திருமண வீட்டிலும் ஏனையோரோடு ஒரே பந்தியில் இருத்தி உண்பித்தல் வேண்டும். அவர்க்கெனத் தனிக் குவளை எடுத்து வைக்குமுன், அக்குவளை காப்பது உடம்பையோ அன்றித் தன் அறியாமையையோ என்று ஒவ்வொருவரும் தம்மை வினவிக்கொள்வாராக.