யாராவது கேட்டு வர வேண்டும்

ஆரணியில் ஒரு வீட்டுத் தறி நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். தினமும் விடிந்ததும் கேட்கும் சத்தம் பத்து மணியாகியும் கேட்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். உடம்புக்கு முடியவில்லை, பாவு தீர்ந்துவிட்டது, ஜரிகை வரவில்லை என்று ஏதாவது ஒரு பதில் வரும். “ராத்திரி போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க” என்ற பதில் மட்டும் அவ்வளவு சுலபத்தில் வராது. வீட்டுக்குள்ளேயே அழுது, வீட்டுக்குள்ளேயே பேசி, கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

மறைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தறிக்காரக் குடும்பம் பெரும்பாலும் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். நெய்கிறவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடுமோ என்ற பயம். வயதுக்கு வந்த பெண் இருந்தால் வரன் தட்டிப்போகுமோ என்ற பயம். இவற்றுக்கு நடுவே சொந்தத்தில் மூத்தவர் ஒருவர் வந்து, “உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும்மா, நாம ஏன் போய் நிக்கணும்?” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கைதானவர் வாழ்க்கையில் மிக ஆபத்தான மணி நேரங்கள் அந்தப் பேச்சில்தான் கரைகின்றன.

தவறு செய்தவருக்குத் துணை போகலாமா என்று கேட்பதற்கு முன், தவறு செய்தார் என்று யார் முடிவு செய்தது என்று கேட்க வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கும் மேல் இன்னும் தீர்ப்பே வராதவர்கள். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. எங்கே இருக்கிறார், சாப்பிட்டாரா, அடிபட்டாரா என்று கேட்பது வீட்டின் வேலை. முதல் வேலை முடியட்டும் என்று இரண்டாவதைத் தள்ளிப்போட முடியாது.

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையே சில குடும்பங்கள் தேடி அலைந்ததால் கிடைத்ததுதான். 1994 ஜனவரி 7 அன்று உத்தரப் பிரதேசத்தின் காஸியாபாத்தில் ஜோகிந்தர் குமார் என்ற இளம் வழக்கறிஞரைப் போலீஸார் விசாரணைக்கு அழைத்தார்கள். மாலையில் வந்துவிடுவார் என்று நம்பிய வீட்டார், அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்றே தெரியாமல் நாட்களைக் கழித்தார்கள். விஷயம் ஆட்கொணர்வு மனுவாக உச்ச நீதிமன்றம் போனது. கைதானவர் தன் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும் உரிமை உண்டு என்று அந்த ஆண்டே தீர்ப்பு வந்தது. 1996 டிசம்பர் 18-ல் டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பு அதை 11 கட்டளைகளாக விரித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்திலும் இந்த உரிமைகள் இருக்கின்றன. யார் யார் கைதானார்கள், எந்த வகைக் குற்றத்துக்காக என்ற விவரத்தை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்கிறது அதன் 37-வது பிரிவு.

அந்தக் கட்டளைகளில் மிகச் சாதாரணமாகத் தெரிவது கைது குறிப்பு என்கிற ஒற்றைத் தாள். கைதான தேதி, நேரம், கைதானவரின் கையெழுத்து, ஒரு சாட்சியின் கையெழுத்து. சாட்சி குடும்பத்தில் ஒருவராகவோ அந்தப் பகுதியில் மதிப்புள்ளவராகவோ இருக்க வேண்டும். அந்த நேரம்தான் உயிர்நாடி. அரசியலமைப்பின் 22-வது பிரிவு சொல்லும் 24 மணி நேரக் கணக்கு கைதிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. பயண நேரம் நீங்கலாக, அதற்குள் நடுவர் முன் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். ராத்திரி 9 மணிக்குக் கூட்டிப்போனவரை மறுநாள் மாலை கைது செய்ததாக எழுதினால் அந்தக் கணக்கு குலைந்துபோகும். ஆகவே கூட்டிப்போன நேரத்தை வீட்டில் ஒருவர் உடனே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வந்தவர்கள் எந்தக் காவல் நிலையம், வண்டி எண் என்ன என்பதையும் சேர்த்து எழுதினால் பின்னால் அது ஆதாரம்.

காகிதம் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூன் 19 மாலை வியாபாரி ஜெயராஜைப் போலீஸார் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். மகன் பென்னிக்ஸ் அப்பாவைத் தேடிப் போனார். இருவரும் அன்றிரவு அடிக்கப்பட்டார்கள். மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று வாங்கப்பட்டது, நடுவர் ரிமாண்ட் உத்தரவு போட்டார், சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைத்தார்கள். ஜூன் 22 இரவு மகனும், 23 காலை தந்தையும் இறந்துபோனார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பிறகு அது சி.பி.ஐ. கைக்குப் போனது.

மருத்துவர், நடுவர், சிறை என்று மூன்று வாசல்களையும் அவர்கள் கடந்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்றுகூட அவர்களை நிறுத்திப் பார்க்கவில்லை. அதனால்தான் தேடிப் போகிறவர் தனியாகப் போகக் கூடாது. இரண்டு மூன்று பேராக, முடிந்தால் ஒரு வழக்கறிஞரோடு போக வேண்டும். நிலையத்தோடு திரும்பிவிடாமல் நடுவர் நீதிமன்றத்துக்கும் போய் நிற்க வேண்டும். காயம் இருந்தால் அதை நடுவரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி கைதானவருக்குத் தைரியம் கொடுக்க வேண்டும். வீட்டார் முகம் தெரிந்தால்தான் அவருக்கு அந்த வார்த்தை வாயில் வரும்.

வழக்கறிஞருக்குப் பணம் எங்கே போவது என்பது அடுத்த கவலை. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் யாரும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் பெறலாம். வட்டத்து நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். இது தெரியாத குடும்பங்கள்தான் நீதிமன்ற வாசலில் “நான் பார்த்துக்கிறேன், அஞ்சாயிரம் குடு” என்கிற தரகர்களிடம் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கின்றன.

ரிமாண்ட் ஆனபின் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த தேடல். ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், வேலூர் தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிறது, 1830-ல் கட்டியது. பெண் என்றால் அங்கேயே இருக்கும் பெண்கள் தனிச்சிறை. சிறிய வழக்கு என்றால் ஏதாவது ஒரு கிளைச்சிறையாகவும் இருக்கலாம். 18 வயது நிரம்பாதவரைச் சிறையிலேயே அடைக்கக் கூடாது, கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். வயதுச் சான்று கையில் இருந்தால் அதை முதல் நாளே நடுவரிடம் காட்ட வேண்டும்.

சிறையில் போய்ப் பார்ப்பதை ஊரில் ‘மனு பார்ப்பது’ என்பார்கள். பார்க்கப் போகிறவர் ஆதார் அட்டையோடு போய், உறவுமுறை எழுதி மனுப் போட வேண்டும். கிடைக்கும் நேரம் கொஞ்சம். பாதியை அழுகையும் மீதியை வீட்டுச் சண்டையும் எடுத்துக்கொள்ளும். கேட்க வேண்டியதை முன்பே மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு போவது நல்லது. அடித்தார்களா, எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா, சர்க்கரை மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ தருகிறார்களா, அடுத்த வாய்தா என்றைக்கு. மருந்துச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேர்ப்பது ஒரு மூட்டைத் தின்பண்டத்தைவிட உதவும்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் உண்டு. 1978-ல் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார் நடுவர். உடன்பிறந்தவர் ஒருவர் வந்து நின்றும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். ஏழையின் விடுதலைக்கு இப்படி விலை வைக்கக் கூடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வழக்கில் எழுதினார். வாடகை வீட்டில் தறி போட்டிருக்கும் நெசவாளிக்கு அது இன்றும் பொருந்தும். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலின்படி, ஜாமீன் கிடைத்து 7 நாட்களில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வெளியே ஓர் ஆள் வேண்டும்.

அப்படி வெளியே நின்ற ஆட்களில் அற்புதம்மாளைத் தமிழ்நாடு மறக்காது. ஜோலார்பேட்டைக்காரர். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மகன் பேரறிவாளன் 1991 ஜூன் 11 அன்று காவலில் எடுக்கப்பட்டபோது வயது 19. விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பிள்ளையை அனுப்பி வைத்தவர் அந்தத் தாய். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014-ல் அது ஆயுள் தண்டனையானது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் பெரும்பகுதி வேலூர்ச் சிறையை நோக்கிய பயணங்கள்தான். அந்த வழக்கைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து இருக்கலாம். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அவர்கள் வலி இருக்கிறது. ஆனால் மகனைப் பார்ப்பதற்கு யாரிடமும் கூச்சப்படாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் போய் வந்த தாயைத் தவறு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

குற்றவாளிக்குத் துணை போவதும் குடும்பத்து ஆளுக்குத் துணை நிற்பதும் வேறு வேறு. சாட்சியை மிரட்டுவது, பொய் சொல்வது, ஒளித்து வைப்பது முன்னதில் சேரும். போய்ப் பார்ப்பதும், வழக்கறிஞர் வைப்பதும், பட்டினியாக இருக்கும் அவர் பிள்ளைக்குச் சோறு போடுவதும் பின்னதில் சேரும். அவர் உண்மையிலேயே தவறு செய்திருந்தாலும் இதில் ஒன்றும் குறையாது.

இதில் தெருவுக்கும் பங்கு உண்டு. பக்கத்து வீட்டில் தறி நின்றுபோனால் வம்பு பேசாமல் உள்ளே போய்க் கேளுங்கள். காவல் நிலையத்துக்குத் துணைக்கு ஒருவர் போங்கள், பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். பாவு கொடுத்த முதலாளிகள் ஒரு மாதம் பொறுங்கள். இலவச சட்ட உதவிக்கான தேசியத் தொலைபேசி எண் 15100. அதை இன்றே செல்போனில் ஏற்றி வையுங்கள்.