பிணையும்போது மட்டும் தெய்வம்

எங்கள் பக்கத்தில் பாம்புகள் பிணைந்து நிற்பதைப் பார்த்துவிட்டால் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள். பிறகு தோளில் கிடக்கும் துண்டையோ, கையில் புதுத் துணி இருந்தால் அதையோ அவற்றின் மேல் வீசுவார்கள். பாம்புகள் புரண்ட துணியைத் துவைக்காமல் மடித்து பீரோவில் வைத்தால் வீட்டில் பணம் தங்குமாம். கோர்ட்டுக்கு எடுத்துப் போனால் வழக்கு ஜெயிக்குமாம். காஞ்சிபுரத்தில் துணிக்கா பஞ்சம்? பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெரியவர் பட்டுத் துண்டு ஒன்றை இதற்கென்றே எடுத்து வைத்திருந்தார். கடைசி வரை அவருக்குப் பாம்புதான் கிடைக்கவில்லை.

பின்னிக்கொண்டு எழும் இரண்டில் ஒன்று நல்லபாம்பு, மற்றது சாரை. சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்பது ஊர் அறிந்த கதை. அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடைகளில் மஞ்சள் பூசிய நாகக்கற்களைப் பார்த்தால், உடல்கள் பின்னித் தலைகள் எதிரெதிரே நிற்கும் அந்தக் காட்சியே கல்லில் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் அதைச் சுற்றி வருகிறார்கள். அதாவது அது தாம்பத்தியம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை.

நான் அதைப் பார்த்தது ஓரிக்கையைத் தாண்டி, பாலாற்றுக் கரையோரத்தில். சித்திரை வெயில். அத்தையைக் குலதெய்வம் கோயிலுக்கு வண்டியில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன டிராக்டர் சட்டென்று நின்றது. ஓட்டியவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிக் கும்பிட்டார். அறுப்பு முடிந்த வயலின் வரப்பில், முழங்காலுக்கு மேலான உயரத்தில், பட்டு நூலுக்கு முறுக்கேற்றியதுபோல் இரண்டு பாம்புகள். ஒன்றின் கழுத்தை மற்றது வளைத்து அழுத்துகிறது; அழுத்தப்பட்டது நழுவி மேலே வந்து இதை அழுத்துகிறது. இரண்டும் ஒருசேரத் தரையில் விழுகின்றன, பிரியாமலே மறுபடி எழுகின்றன. கடிக்கவில்லை, சீறவில்லை. சுற்றி ஆள் சேர்ந்ததைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

"டேய், கிட்ட போவாத. கையெடுத்துக் கும்புடு" என்ற அத்தை, பூசாரிக்கென்று வாங்கி வைத்திருந்த புதுத் துண்டைப் பையிலிருந்து எடுத்து வீசிவிட்டார். (பூசாரிக்குப் பிறகு பணமாகக் கொடுத்தோம். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.)

அடுத்த வரப்பில் எலி வளை தோண்டிக்கொண்டிருந்த இருளர் ஒருவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். எங்கள் பக்தியைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஆம்பளைம்மா. சண்ட போடுது. பொட்ட இங்கதான் எங்கனா பொதருல கெடக்கும்" என்றார்.

"போய்யா, அதுல ஒண்ணு நல்லது."

"நல்லதுன்னா படம் எடுக்காதா? நல்லது சாரையப் புடிச்சுத் துன்னும்மா. கண்ணாலமா கட்டிக்கும்?"

அவர் சொன்னதுதான் சரி. சாரையும் நல்லபாம்பும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, இணைய வழியில்லை. நாம் பார்ப்பது இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை. எதிராளியின் தலையைத் தரையோடு அழுத்தியவன் ஜெயித்தான். தோற்றவன் விலகிப் போவான். இரண்டு மீட்டரையும் தாண்டி வளரக்கூடிய பாம்பு என்பதால் இந்தச் சண்டை கண்ணுக்கு ஒரு நடனமாகத் தெரிகிறது. உண்மையான இணைசேர்க்கையில் இந்த ஆட்டமெல்லாம் கிடையாது. பெண் தரையில் படுத்திருக்க, ஆண் அதன் மேல் ஊர்ந்து வாலோடு வால் பின்னிக் கிடக்கும். வரப்போரத்துப் புல்லில் அப்படிக் கிடந்தால் நாம் கடந்து போய்விடுவோம், கும்பிட மாட்டோம். நம்மூர்க்காரர்கள் மட்டும் ஏமாந்தார்கள் என்றும் இல்லை. அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்புகள் இதேபோல் எழுந்து நிற்பதை 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை பலர் காதல் நடனம் என்றே எழுதிவந்தார்கள். பாம்புகளைப் பிடித்துப் பால் பிரித்துப் பார்த்த பிறகுதான் இரண்டும் ஆண் என்று தெரிந்தது.

வண்டியில் ஏறிய பிறகு, அந்த ஆள் சொன்னது நிஜம்தான் என்று அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவர், "சண்டையா இருந்தா இன்னா, சரசமா இருந்தா இன்னா? ஒருத்தனும் கல்ல எடுக்கல இல்ல?" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்ல? டிராக்டர் நின்றது பொய்க் கதைக்காகத்தான், ஆனால் நின்றது. இரண்டு ஆண் சாரைகள் பொட்டைக்காக மல்லுக்கட்டுகின்றன என்று அந்த ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தால் இன்ஜினை அணைத்திருப்பாரா? தவறான ஒரு கதை ஓர் உயிரைக் காக்கும்போது அதைத் திருத்தத்தான் வேண்டுமா என்ற கேள்வியை அத்தை என் முன்னால் வைத்துவிட்டார். வெகுநாள் அவர் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது.

பட்டாலும் ஒன்று உறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அத்தை வீட்டுத் தறிக்குழியில் ஒரு சாரை இறங்கிவிட்டது. குழித்தறியில் நெய்கிறவர் இரண்டு காலையும் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். அங்கே பாம்பைப் பார்த்தால் யாருக்கும் குலைநடுங்கும். முதலில் கத்தியவர் அத்தைதான். தெருப் பையன்கள் கழியோடு வந்தார்கள், வேலை சீக்கிரம் முடிந்தது. நல்லபாம்பாக இருந்திருந்தால் பாலூற்றிக் கொளுத்தியிருப்பார்கள். சாரைக்கு அதுவும் இல்லை, குப்பைமேட்டுக்குப் போயிற்று. விஷமே இல்லாத, எலி தின்று பிழைக்கும் பாம்பு. வரப்பில் ஜோடியாக எழுந்து நின்றால் தெய்வம். அதே உயிர் தனியாகக் குழியில் கிடந்தால் கழி. அப்படியானால் கதை காப்பாற்றுவது பாம்பையா, காட்சியையா? வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசையில் நின்றுவிட்டு வந்து, வீட்டுப் பல்லியைத் துடைப்பத்தால் அடிக்கிற ஊர் எங்களுடையது. பல்லிக்கு எங்கள் மீது என்ன அபிப்பிராயம் இருக்கும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டும். திருக்கழுக்குன்றம் 2019 வரை எங்கள் மாவட்டம்தான். இப்போது செங்கல்பட்டு மாவட்டம். வேதகிரீஸ்வரர் மலையில் முன்பெல்லாம் நண்பகல் வேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து இறங்கும். பண்டாரம் கிண்ணத்தில் வைத்திருக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் பறந்துபோகும். என் தலைமுறையில் பலர் சிறுவயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள். அவை சாபம் பெற்ற முனிவர்கள், காசியில் நீராடிவிட்டு இங்கே சாப்பிட வருகிறார்கள் என்று சொல்லித் தந்தார்கள். நூற்றாண்டுகளாக உலகம் திரண்டு வந்த குன்று அது. அங்கே பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணியின் புத்தி அன்றும் அதுதான்.

பறவை நூல்களில் அந்த வெள்ளைக் கழுகின் பெயர் மஞ்சள்முகப் பாறு. ஜோடியாக வாழும், ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் விடாது, நிச்சயமாகச் சோறு கிடைக்கிற பாறையை ஏன் விட வேண்டும்? ஒன்று செத்தால் அதன் இடத்துக்கு வேறொன்று வரும். பெரும்பாலான கழுகினங்களைப்போல இறைச்சிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. செத்த மாடு, முட்டை, கழிவு எல்லாம் ஆகும். ஆப்பிரிக்காவில் இந்த இனம் அலகால் கல்லைத் தூக்கி எறிந்து தீக்கோழி முட்டையை உடைப்பதை 1966-இல் விலங்கியலாளர் ஜேன் குடால் பதிவு செய்தார். முகத்தின் அந்த மஞ்சள் நிறத்துக்கே சாணம் தின்பதுதான் காரணம் என்று 2002-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: மாட்டுச் சாணத்திலுள்ள நிறமிகள் முகத்தில் ஏறுகின்றன. மலைமேல் பொங்கல் சாப்பிட்ட முனிவர் அடிவாரத்தில் வேறு என்ன சாப்பிட்டிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலைக்கும் மாலைக்கும் அவை போன இடம், கூடு வைத்த பாறை, கொத்திய மாட்டுப் பிணம் எல்லாம் நம் கண்ணில் பட்டிருக்கும்.

1990-களில் அவை வருவது நின்றது. கலி முற்றிவிட்டது என்றார்கள். அதே காலத்தில்தான் நாடெங்கும் பாறுகள் கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கின. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் அந்தப் பேரழிவுக்குக் காரணம், அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது என்று 2004-இல் நிறுவினார்கள். 2006-இல் இந்திய அரசு அதைக் கால்நடைக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. மஞ்சள்முகப் பாறும் 2007 முதல் உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனப் பட்டியலில் இருக்கிறது. குன்றின் மேல் அவற்றின் மீது ஒரு கல் விழுந்ததில்லை. அந்த மட்டும் அத்தை சொன்ன நியாயம் செல்லும். ஆனால் நம் மரியாதை உச்சி வேளைக்கு மட்டும் விழித்திருந்தது. பறவையோ இருபத்து நான்கு மணி நேரமும் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

மதுராந்தகம் அருகே வேடந்தாங்கலில் நடந்தது வேறு. அங்கே பறவைகளுக்கு முனிவர் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மரத்தடியில் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எருவாகிறது என்று விவசாயிகள் பார்த்து அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய், 1798-இல் பாதுகாப்புக்கு எழுத்து வாங்கினார்கள். இதைச் சுயநலம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பறவை எங்கே உட்காருகிறது, என்ன போடுகிறது, அது எங்கே போய்ச் சேருகிறது என்று வருஷம் முழுக்கக் கவனித்தவர்களின் சுயநலம் அது.

அந்த இருளரின் கண்ணும் இப்படிப்பட்டதுதான். அவருடைய முன்னோர்களும் பாம்பைக் கொன்றவர்களே. தோல் வியாபாரத்துக்காகப் பிடித்தார்கள். அதில் சாரைத் தோலுக்கு நல்ல கிராக்கி. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றதும் பிழைப்பு போனது. 1978-இல் பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் அந்தச் சங்கத்தார் இன்றும் நல்லபாம்பு, விரியன் வகைகளிடம் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அதுதான் மூலப்பொருள். 2023-இல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தடம் பார்த்து, எச்சம் பார்த்து, உரித்த சட்டை பார்த்து எந்தப் பாம்பு எப்போது போனது என்று சொல்கிறவர்கள் இரண்டு சாரை எழுந்து நின்றால் கும்பிடமாட்டார்கள். பயந்து கழியும் எடுக்கமாட்டார்கள்.

கும்பிடுவதற்குச் செலவில்லை என்பதை நான் லேசாக எடுத்துக்கொண்டிருந்தேன். கவனிப்பதற்கு ஆகும் செலவு அந்த ஐப்பசி மழையில் அத்தை வீட்டில் தெரிந்தது. மறுபடியும் தறிக்குழியில் ஒரு பாம்பு. இந்தத் தடவை அத்தை கத்தவில்லை. வரப்பில் பார்த்த ஆளின் நம்பரை நான் வாங்கி வைத்திருந்தது நினைவுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். அந்த இருளர் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருந்தார், வர வழியில்லை. எட்ட நின்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "சாரதான். கதவத் தொறந்து வெச்சுட்டு எல்லாரும் வெளிய போயிடுங்க. யாரும் எட்டிப் பாக்காதீங்க, அதுவே போவும்" என்றார்.

பாவில் முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நின்றது. கழியோடு வந்த பையன்களை அத்தை வாசலிலேயே மடக்கி உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சாரை கொல்லைப்புறமாக இறங்கிப் போனது. அன்று அதற்குமேல் தறி ஓடவில்லை. கூலி புடவைக்கு இவ்வளவு என்றுதான், போன நேரத்துக்கு யாரும் தரப்போவதில்லை. இரவு போனில் அத்தை அதைத்தான் கேட்டார்: "அர நாள் வேல போச்சுடா. டீ காசு வேற. உன் சாரைக்கு நான் அழுவணுமா?"

டீ காசை அனுப்பி வைத்தேன். மீதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.