நாய்க்கு எந்த மடத்தில் தீட்சை?

சைவச் சாப்பாட்டு வீட்டில் வளர்கிற நாய் சைவமாகத்தான் இருக்க வேண்டுமா? பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இது பல வீட்டு வழக்கு. மூன்று வேளையும் தயிர்சோறு, ராத்திரி கூடுதலாகக் கொஞ்சம் பால். கேட்டால், “நம்ம வீட்டு உப்பைத் தின்கிறது, நம்ம ஆசாரத்துக்கு உட்பட்டது” என்பார்கள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. புலான்மறுத்தலையும் கொல்லாமையையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவள். புலால் தொட்டதில்லை, இனியும் தொடப்போவதில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என் பதில் “வேண்டாம்” என்பதே. இந்த யோசனைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது எங்கள் மணியின் பின்பக்கம்.

மணி பொமரேனியன் கலப்பு. மகன் வேலைக்கு வெளியூர் போனபோது எங்களிடம் விட்டுப்போனது. அதற்கு மலம் எப்போதும் இளக்கம்தான். ஒரு நாள் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் பின்பக்கத்தை வைத்து, முன்னங்காலால் உந்தித் தேய்த்துக்கொண்டே போனது. வாலடியை ஓயாமல் நக்கியது. அது படுத்து எழுந்த இடத்தில் அழுகிய மீன் வாடை, அதுவும் மீனே நுழையாத வீட்டில். பூச்சியாக இருக்கும் என்றார்கள்.

கால்நடை மருத்துவர் வேறு காரணம் சொன்னார். நாயின் ஆசனவாய்க்கு இருபுறமும், கடிகாரத்தில் 4 மணி, 8 மணி இருக்கும் இடங்களில் இரண்டு சிறு பைகள் உண்டு. கெட்டியான மலம் வெளியேறும்போது அவற்றை நெருக்கி, உள்ளே ஊறும் நீரைப் பிதுக்கிவிடும். மலம் இளகினால் அந்த நெருக்கல் கிடைக்காது. நீர் தேங்கித் தடித்து வழியை அடைக்கும். கவனிக்காமல் விட்டால் சீழ் பிடித்துப் புண்ணாக உடையும். அவர் கையுறை மாட்டி, விரலில் வாசலின் தடவி, பஞ்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையாக அழுத்தினார். நான் மணியின் தலையைப் பிடித்திருந்தேன். பழுப்பு நிறத்தில் பசையாக வந்தது. மூக்கைப் பொத்த எனக்குக் கை இல்லை. “பையை நான் சுத்தம் பண்ணிடுவேம்மா, வயித்தைச் சரிபண்ணலைன்னா திரும்ப இங்கதான் வருவீங்க” என்றார். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, அதனால் பாலை நிறுத்தச் சொன்னார். நார்ச்சத்துக்கு அவித்த பரங்கிக்காய். உடம்பு இளைக்க வேண்டும். வெறும் சோற்றில் புரதம் போதாது, முட்டையோ கோழியோ சேர்க்க வேண்டும்.

“பூசை நடக்கிற வீட்ல முட்டை அவிக்கப் போறியளா மயினி?” என்றாள் நாத்தனார்.

“நாய்க்கு எந்த மடத்துலம்மா தீட்சை குடுத்தாவ?” என்றேன்.

அவள் பக்கமும் நியாயம் உண்டு. நாய் பூனையைப் போல இறைச்சியை விட்டால் வாழ வழியில்லாத பிராணி அல்ல. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மனிதரோடு வாழ்ந்து மனிதர் போட்டதைத் தின்று மாறிய வயிறு அது. சத்துக் கணக்குப் பார்த்துச் சமைத்தால் சைவமாகவும் நாய் வளர்க்கலாம். வள்ளுவரோ தின்பதற்கு வாங்குவோர் இல்லையென்றால் விற்போரும் இல்லை என்று வாதிடுகிறார். நாய்க்கென்று வாங்கினாலும் வாங்கியது வாங்கியதுதான்.

ஆனால் மணிக்கு விழுந்த தயிர்சோறு கணக்குப் பார்த்த சைவம் அல்ல, நம் இலையில் மிஞ்சிய சைவம். நோன்பு என்பது அறிந்து ஏற்பது. ஏற்கவும் மறுக்கவும் வாயில்லாத ஜீவன்மேல் அதை ஏற்றினால் அதற்குப் புண்ணியம் சேராது, கழிச்சல்தான் சேரும். நோன்பின் வலி நாய்க்கு, பெருமை நமக்கு என்றால் அதை அறம் என்று எப்படிச் சொல்வது?

சேக்கிழார் இதற்கு வழி காட்டியிருக்கிறார். காளத்தியில் வேடர் கண்ணப்பர் பன்றி இறைச்சியைத் தம் வாயால் சுவைத்துப் பார்த்துப் படைத்தார். ஆகமப்படி பூசை செய்த சிவகோசரியார் பதறி, இடத்தைத் துப்புரவு செய்தார். இறைவன் சிவகோசரியாரை இறைச்சி படைக்கச் சொல்லவில்லை, கண்ணப்பரை ஆகமம் படிக்கவும் சொல்லவில்லை. ஒருவர் நெறியை மற்றவர்மேல் சுமத்தவில்லை. அறுபத்து மூவர் வரிசையில் கண்ணப்பரைக் கும்பிடுகிற நாம் வீட்டு நாயிடம் இவ்வளவு கறாராக இருப்பது வேடிக்கைதான்.

நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வரமாட்டேன் என்ற தருமரையும் நாம் கொண்டாடுகிறோம். அந்தக் கதையில் நாய் கடைசியில் தர்மதேவதையாகிவிடும். மணி கடைசிவரை நாய்தான், நாறத்தான் செய்யும். தெய்வமாக மாறாத நாயைக் கைவிடாமல் இருப்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வைத்த சோதனை.

இப்போது பின்கட்டில் தனி அடுப்பு, தனிச் சட்டி. முட்டை, பருப்பு, பரங்கிக்காயோடு கொஞ்சம் சோறு. இதுவே போதும் என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார். முட்டை வாங்குவதில் பிழை உண்டென்றால் அது என் கணக்கில் ஏறட்டும். மணிக்கு மலம் கட்டிவிட்டது, தேய்ப்பதும் நின்றது. முட்டையை நான்தான் உரிக்கிறேன். குளிக்க வேண்டாமா என்று நாத்தனார் கேட்கிறாள். சோப்புப் போட்டுக் கை கழுவுவதோடு சரி.

தேய்பிறை அஷ்டமியில் பைரவரை நினைத்து நாய்களுக்குப் பாலும் கிரீம் பிஸ்கட்டும் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் புண்ணியம் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்காக முடியும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச்சோறு நஞ்சு. வீட்டு நாய் பின்பக்கத்தைத் தேய்த்தால் மஞ்சள் பூசிக் காத்திருக்காதீர்கள், நீங்களாகப் பிதுக்கவும் போகாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். நோன்பை உங்கள் நாக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு அதன் வயிறு கேட்பதைப் போடுங்கள்.